பாரதி பூங்கா ஓரம் ஒரு பழைய வீடு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி பாரதி பூங்காவிலிருந்து இரண்டு வீதி தள்ளி இருக்கிறது என் அத்தை வீடு. அதைப் புதுப்பித்த மூன்று வருடமும் கொத்தனாரோடும் ஆசாரியோடும் கூடவே நின்றவன் நான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வீடு வாங்க நினைக்கிறவர்கள், வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்கள், பூர்வீக வீட்டை என்ன செய்வதென்று தெரியாதவர்கள் எனப் பலரும் என்னிடம் பேசுகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

ஒயிட் டவுன்னு சொல்றது எதுவரைக்கும்? பூங்காவைச் சுத்தி இருக்கிறது மட்டும்தானா?

பழைய ஊரை இரண்டாகப் பிரிப்பது பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே கடல் வரைக்கும் பிரெஞ்சுப் பகுதி, அதைத்தான் ஒயிட் டவுன் என்கிறார்கள். மேற்கே தமிழ்ப் பகுதி. இரண்டையும் சுற்றி முட்டை வடிவத்தில் புல்வார் என்ற அகன்ற சாலை ஓடுகிறது. பூங்கா இருப்பது பிரெஞ்சுப் பகுதியின் நடுவில். ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், அருங்காட்சியகம், ரோமன் ரோலண்ட் நூலகம் எல்லாம் அதைச் சுற்றித்தான். கிழக்கே ஐந்து நிமிடம் நடந்தால் கடற்கரை.

வீதிகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதைப் பார்த்து எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களைப் பாராட்டுவார்கள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. நேர்வீதித் திட்டம் அவர்கள் வரைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது அதையே தொடர்ந்தார்கள்.

இந்த வீடெல்லாம் 300 வருஷம் பழசுன்னு புரோக்கர் சொல்றார். நிஜமா?

நம்ப வேண்டாம். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்தபோது கோட்டையோடு சேர்த்து பிரெஞ்சுப் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது பூங்காவும் அரசுக் கட்டடங்களும் இருக்கும் இடத்தில்தான் அந்தக் கோட்டை நின்றது. 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு பழைய அடித்தளங்களின் மேல் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். ஆகவே பிரெஞ்சுப் பகுதியில் இன்று நாம் பார்க்கும் வீடுகள் அதற்குப் பிந்தியவை. பலவும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, சில 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தவை.

வயதைப் பத்திரத்தை வைத்தும் கட்டுமானத்தை வைத்தும் சொல்லலாம். புரோக்கர் சொல்லும் வயதுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். 120 வயதான ஒழுங்கான வீடு, 200 வயதான சிதைந்த வீட்டைவிட எவ்வளவோ மேல்.

பூங்கா நடுவுல இருக்கிற வெள்ளை மண்டபம் என்ன? யாராவது ராஜா கட்டினதா?

அது ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். கதை இப்படி: விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார். ஆயி தன் கையாலேயே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாள். முத்தரையர்பாளையத்தில் அந்தக் குளம். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அங்கிருந்துதான் நகரத்துக்கும் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுந்தது இந்த மண்டபம்.

வீடு பார்க்க வருகிறவர்களை நான் முதலில் இங்கேதான் கூட்டிப் போவேன். அரசனின் பெயரில் இருக்க வேண்டிய இடத்தில், தன் வீட்டை இழந்த ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. இந்த ஊரில் வீடு வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சு வீடு, தமிழ் வீடுன்னு பிரிச்சுச் சொல்றாங்களே, பார்த்தா எப்படித் தெரியும்?

தெருவில் நின்று பாருங்கள். உயரமான மதில், பெரிய கதவு, அதைத் தாண்டித் தோட்டமும் தூண் வரிசையும் என்றால் பிரெஞ்சு வீடு. தெருவுக்கு அது முகத்தைக் காட்டாது. தமிழ் வீடு தெருவிலேயே தொடங்கும்: திண்ணை, அதன் மேல் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், உள்ளே முற்றம். மழைக்கு ஒதுங்குகிறவருக்கும் திண்ணையில் இடம் உண்டு.

இரண்டும் கலந்த வீடுகளும் நிறைய. கீழே தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சுத் தூணும் வளைவு ஜன்னலும். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டில் இதைப் பார்க்கலாம். தமிழ்ப் பகுதியை ஒதுக்கிவிடாதீர்கள். வைசியாள் வீதியில் முகப்புகளை மீட்டெடுத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

சுவர் கீழ்ப்பக்கம் உப்புப் பூத்து உதிருது. கொத்திட்டு சிமென்ட் பூசினா நிக்குமா?

அதிகம் பேர் கேட்பது இதுதான். அதிகம் பேர் தப்பு செய்வதும் இதில்தான். சிமென்ட் மட்டும் வேண்டாம்.

இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும். இன்றைய வீடுகளில் போல அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை இவற்றில் கிடையாது. கடலுக்குப் பக்கத்து மண்ணில் இருக்கும் உப்பு நீரை சுவர் திரி போல மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கும், துடைத்துவிடலாம். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. அது இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே மாவாக்கும். என் அத்தை வீட்டின் கூடத்தில் முன்பு யாரோ மூன்றடி உயரத்துக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் நாலரை அடிக்கு ஏறி நின்றது. பூச்சைத் தட்டி எடுத்தபோது உள்ளே இருந்த செங்கல்லை விரலால் சுரண்ட முடிந்தது. செம்மண் மாதிரி நகத்துக்குள் ஏறிக்கொண்டது.

சரி, என்ன செய்வது? சிமென்ட் பூச்சை முழுவதும் எடுங்கள். சுவரைச் சில மாதம் திறந்தபடி காய விடுங்கள். உப்பை ஈரம் படாமல் துடைப்பத்தால் கூட்டி எடுங்கள். உதிர்ந்த கல்லை மட்டும் மாற்றி, சுண்ணாம்பே பூசுங்கள். வெளியே ஒரு வேலை இருக்கிறது. வருடா வருடம் சாலை போட்டுப் போட்டு வீதி உயர்ந்து, பல வீடுகளின் தரை வீதிக்குக் கீழே போய்விட்டது. மழைநீர் சுவரோரம் நிற்காமல் போக வழி செய்யாவிட்டால் எந்தப் பூச்சும் நிற்காது.

கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் போடுவாங்களாமே? கதையா, நிஜமா?

நிஜம்தான். கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைப்பார்கள். பத்துப் பதினைந்து நாளில் அந்த நீர் கருப்பாகி, பழைய புளிக்குழம்பு போல ஒரு வாசனை வரும். அதைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் கலவை வழவழப்பாகி, வெடிப்பு குறையும். முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்கு. நன்றாகச் சலித்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் கலந்து மெல்லியதாகப் பூசி, காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு தூணுக்கு ஒரு ஆள் முழு நாள். மாலையில் அதில் நம் நிழல் தெரியும்.

எல்லாச் சுவருக்கும் முட்டைப் பூச்சு தேவையில்லை. தூண், கூடம் போன்ற கண்ணில் படும் இடத்துக்குப் போதும். முக்கியமானது சுண்ணாம்பு நன்றாக நீற்றப்பட்டிருக்கிறதா என்பது. அவசரத்தில் நீறாத சுண்ணாம்பைப் பூசினால் பின்னால் அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பொரிந்து விழும். ஒரு பூச்சு காயாமல் அடுத்தது போடக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக் கல்லாகிறது. அதை விரட்ட முடியாது.

மேல்தளத்துல மரக்கட்டையும் செங்கல்லும் தெரியுது. இடிச்சிட்டு கான்கிரீட் போட்டா நிம்மதியா இருக்கலாமே?

அந்தத் தளத்துக்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி மூலைவாட்டில் கட்டுவார்கள். மூலையிலிருந்து தொடங்கிச் சாய்வாகப் போவதால் கீழே முட்டுப் பலகை அடிக்காமலே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். முதல் நாள் 'பொத் பொத்' என்று அமுங்கும் சத்தம். கடைசி நாள் கட்டை எகிறித் திரும்பும், சத்தம் 'ணங்' என்று மாறும். எங்கள் வீட்டில் தலைமைக் கொத்தனார் கீழே கூடத்தில் கண்ணை மூடி நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் "போதும்" என்றார். அதற்கு மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிப்பார்கள்.

இதை இடித்து கான்கிரீட் போடுவதில் இரண்டு சிக்கல். சுண்ணாம்புச் சுவர் தாங்கிப் பழகிய எடை வேறு, புதுத் தளத்தின் எடையும் அது சுவரை இழுக்கும் விதமும் வேறு. அதோடு வெயில் காலத்தில் வித்தியாசத்தை உடம்பே சொல்லும். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை நுனிதான். ஈரத்தில் உளுத்திருக்கும், இல்லையென்றால் கரையான். திருப்புளியால் குத்திப் பாருங்கள். சதக்கென்று உள்ளே போகிற கட்டைகளை மட்டும் மாற்றுங்கள். பழைய தேக்கு கிடைக்காவிட்டால் இரும்பு விட்டம் கொடுத்துத் தாங்கலாம். தளத்தின் மேல் முன்பு ஒழுகலுக்காக அடுக்கடுக்காக சிமென்ட் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கட்டைகள் வளைவதற்கு அந்தச் சுமையே காரணமாக இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மேரி கட்டடமே மழையில விழுந்துச்சே. பழைய கட்டடத்தை நம்பலாமா?

மேரி என்று நாம் சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தது. 1870களின் காலத்துக் கட்டடம். கடற்கரையில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வீட்டில் ஒருவர் போன மாதிரி. பிறகு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டினார்கள்.

பழசு என்பதால் எதுவும் விழுவதில்லை. பராமரிக்காமல் விட்டதால் விழுகிறது. ஓர் ஒழுகல், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், இவை மூன்றும் சேர்ந்தால் போதும். அரசங்கன்றை வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. குழாய்களை அக்டோபரிலேயே சுத்தம் செய்திருந்த வீடுகள் அந்த ராத்திரியைத் தாண்டிவிட்டன.

அஞ்சு பெட்ரூமுக்கும் அட்டாச்டு பாத்ரூம் வேணும். எங்க வைக்கிறது?

மெட்ராஸ் டெரஸின் மேல் மட்டும் வைக்காதீர்கள். மேலே சொன்ன மரமும் சுண்ணாம்பும் தினமும் தண்ணீர் படுவதற்குக் கட்டப்பட்டவை அல்ல. வீட்டின் பின்கட்டில், பழைய சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் புதுக் கட்டுமானத்தில் குளியலறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது நல்லது. குழாய்கள் ஒரே நேர்க்கோட்டில் இறங்கும், ஒழுகினாலும் கண்ணில் படும். இதனால் படுக்கையறை ஐந்து நான்காகலாம். பரவாயில்லை.

குழாயையும் மின்கம்பியையும் பதிக்க சுண்ணாம்புச் சுவரை மெஷின் வைத்து வெட்டாதீர்கள். வெளியே தெரிகிற மாதிரி பித்தளை அல்லது பீங்கான் பொருத்திகளில் ஓட்டலாம், அழகாகவே இருக்கும். தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை: கடல் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பேறியது. மழைநீரைப் பிடிக்க முற்றத்துக்கு அடியில் தொட்டி கட்டினால் வேலை நடக்கும்போதே கட்டிவிடுங்கள், பிறகு தோண்ட மனசு வராது.

முற்றத்துக்கு மேல கண்ணாடி போட்டு மூடி, ஏசி வச்சா லக்சுரியா இருக்குமே?

முற்றம் வீட்டின் மூக்கு. சூடான காற்று அதன் வழியே மேலே போகும், வீதிப்பக்க ஜன்னல் வழியாகக் கடல்காற்று உள்ளே வரும். பதினைந்து அடி உயரக் கூரை, ஒன்றரை அடிச் சுவர், சாய்வுப் பலகை வைத்த ஜன்னல், எல்லாம் இந்த ஓட்டத்துக்காக வைத்தவை. கண்ணாடி போட்டு மூடினால் அது அடுப்பாகிவிடும், அப்புறம் ஏசி இல்லாமல் இருக்க முடியாது. மழைக்கும் குரங்குக்கும் பயந்தால் கம்பி வலையும், இழுத்து மூடும் துணியும் போதும்.

படுக்கையறைக்கு ஏசி வைத்துக்கொள்ளலாம். வெளிப்பெட்டியை வீதி முகப்பில் தொங்கவிடாமல் மொட்டை மாடியில் வையுங்கள். ஏசி அறையின் சுவருக்கு பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். நீச்சல்குளம் கேட்பவர்களுக்கு: தோட்டம் பெரிதாக இருந்து, பழைய அடித்தளத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தால் யோசிக்கலாம். முற்றத்தில் கூடவே கூடாது.

வெளிச்சுவருக்கு மஞ்சள்தான் அடிக்கணுமா?

சட்டம் போட்ட மாதிரி ஒன்றும் இல்லை. மஞ்சளும் வெள்ளையும் அதிகம். இளஞ்சிவப்பு, காவி, வெளிர் நீலமும் உண்டு. சாம்பலும் வெள்ளையும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமக் கட்டடம். எந்த நிறமானாலும் சுண்ணாம்பில் கலந்த நிறமாக இருக்கட்டும். காரணம் உப்புக் கேள்வியில் சொன்னதுதான்.

சொந்த வீட்டுக்குள்ள வேலை செய்ய யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

சுண்ணாம்பு அடிப்பது, ஓடு மாற்றுவது போன்ற பராமரிப்பு ஒரு வகை. இடிப்பது, கூடுதல் கட்டுவது, முகப்பை மாற்றுவது வேறு வகை. இரண்டாவதற்கு நகரத் திட்டக் குழுமத்தின் அனுமதி வேண்டும். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் பாரம்பரியப் பாதுகாப்புக்கான குழுவின் கருத்தும் கேட்கப்படும். பாரம்பரியத்தைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1980களிலிருந்து இந்த வீடுகளை ஆவணப்படுத்தி வருகிறது. வரைபடம் போடும் முன்பே அவர்களிடம் பேசுவது நல்லது.

பூங்காப் பக்கம் கடலிலிருந்து 500 மீட்டருக்குள் வரும் வீடுகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் பொருந்தும். ஆகவே "வாங்கின பிறகு இன்னொரு மாடி எடுத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், எழுத்தில் அனுமதி காட்டச் சொல்லுங்கள்.

பத்திரம் பிரெஞ்சுல இருக்கு, வாரிசு பாரிஸ்ல ஒருத்தர், ரீயூனியன் தீவுல ஒருத்தர். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அவசரப்படாமல். பிரெஞ்சு ஆட்சிக் காலப் பத்திரங்களை நொத்தேர் எனப்படும் அதிகாரி எழுதுவார், பிரெஞ்சில்தான் இருக்கும். மூலத்தைத் தெரிந்த ஒருவரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து வாங்குங்கள், சுருக்கம் போதாது. குடும்பம் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்கள் வாரிசுகளுக்குப் பங்கு பிரிப்பது வேறு கணக்கு, பெண் பிள்ளைகளுக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே சம பங்கு. "அக்காவுக்கு இதுல பங்கு இல்லைங்க" என்று அண்ணன் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அதிகாரப் பத்திரம் கொடுத்தால், பிரான்சில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிப்படுத்தும்) முத்திரை வாங்கியதா, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், பத்திரம் கொடுத்தவரிடம் வீடியோ அழைப்பிலாவது நீங்களே பேசுங்கள். ஆள் இல்லாத வீடுகளைப் போலி அதிகாரப் பத்திரம் வைத்து விற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

வரியும் உண்டு. உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சத்துக்குக் குறையாத வீடு வாங்கினால், அவருக்குத் தரும் விலையில் 1 சதவீதம் பிடித்து வருமான வரியாகக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, மூலதன லாப வரி விகிதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்குகிறவர் தலையில். குறைவாகப் பிடிக்க விற்பவர் வருமான வரித் துறையிடம் சான்று வாங்கித் தரலாம், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

எங்கப்பா சொல்தா. நான் பிரெஞ்சு பாஸ்போர்ட். என் பேர்ல வாங்க முடியுமா?

வெளியூர்க்காரர்களுக்காக: பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரை இங்கே சொல்தா என்போம். உங்களிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் குடியிருப்பு வீடு வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. வெளிநாட்டில் வசித்துக்கொண்டு, ஓசிஐ அட்டையும் இல்லையென்றால், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். இந்திய வம்சாவளி இல்லாத வெளிநாட்டவர், வெளிநாட்டிலேயே வசிப்பவர் என்றால், விலைக்கு வாங்க இயலாது, ஐந்து வருடத்துக்கு மிகாத குத்தகை எடுக்கலாம். வாரிசாக வரும் சொத்துக்கு விதி வேறு.

நண்பர் பெயரில் வாங்கி வைக்கும் யோசனையோடு வருகிறவர்களை நான் கைகூப்பித் தடுக்கிறேன். பினாமிச் சட்டம் ஒரு பக்கம், போன நட்பு இன்னொரு பக்கம்.

பக்கத்து வீட்டோட ஒரே சுவர். அவங்க இடிச்சா நம்ம வீடு என்ன ஆகும்?

தமிழ்ப் பகுதியில் பொதுச் சுவர் சாதாரணம், பிரெஞ்சுப் பகுதியிலும் சில வீதிகளில் உண்டு. சுவர் யாருடையது, அரைக்கு அரையா என்பது பத்திரத்தில் இருக்கும். வாங்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கள். அவர் வேலை தொடங்கினால் உங்கள் பக்கச் சுவரை இருவரும் சேர்ந்து படம் பிடித்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெடிப்பு வந்தால் பேசுவதற்கு அது உதவும். அடித்தளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் மட்டும் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அங்க குடியிருக்க முடியுமா? சனி ஞாயிறுல கூட்டமா இருக்கே.

கூட்டம் உண்மை. வாசலில் நின்று படம் எடுப்பார்கள், மதிலில் சாய்வார்கள், கல்யாண ஜோடி ஒன்று உங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையை வாகனங்களுக்கு மூடிவிடுவதால் வண்டிகள் உள்வீதிகளில் நிற்கும். கார் நிறுத்த உள்ளே இடம் இல்லாத வீடு என்றால் யோசித்து வாங்குங்கள்.

ஆனால் திங்கள் காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். நடக்கிற பெரியவர்கள், ஈரப் புல், கிளிச் சத்தம். அத்தை தினமும் ஆயி மண்டபத்தைச் சுற்றி மூன்று சுற்று நடந்துவிட்டுத்தான் காபி குடிப்பார். எனக்கு ஒரு கவலை மட்டும் உண்டு: வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதியாகின்றன. அழகாகத்தான் காப்பாற்றுகிறார்கள், ஆனால் ராத்திரி ஜன்னலில் வெளிச்சம் தெரிகிற குடும்ப வீடு குறைந்துகொண்டே வருகிறது. குடியிருக்க வருகிறவர்களுக்கு நான் இத்தனை நேரம் ஒதுக்குவது அதனால்தான்.

வேலையெல்லாம் முடிஞ்ச 'லக்சுரி' வீடுன்னு ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. போய் எதைப் பார்க்கணும்?

விளக்கையும் குளியல் தொட்டியையும் பார்க்காதீர்கள். முதலில் மேலே பாருங்கள். கூடத்துக் கட்டைகளைப் பொய்க்கூரை மறைத்திருந்தால், ஒரு இடத்தில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கீழே. சுவரில் நாலடி உயரத்துக்கு மட்டும் மரப்பலகையோ அலங்காரக் கல்லோ ஒட்டியிருந்தால், அதன் பின்னால் என்ன இருக்கும் என்பது உப்புக் கேள்வியைப் படித்தவர்களுக்குத் தெரியும். சுவரை விரல் கணுவால் தட்டுங்கள், உள்ளே காலியாக இருக்கிற மாதிரி 'டொக் டொக்' என்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. மொட்டை மாடியில் தட்டோடு இருக்கிறதா, சிமென்டா என்று ஏறிப் பாருங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் ஆசையாகக் காட்டுவார்.

இப்படி நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் இத்தாலியப் பளிங்குத் தரை, தொட்டால் எரியும் விளக்கு, எல்லாம் இருந்தது. பெரிய அலமாரியை நகர்த்தியதும் பின்சுவரில் பாசி. இன்னொரு வீட்டில் பழைய ஆத்தங்குடிக் கல்லையே சுத்தம் செய்து விட்டிருந்தார்கள், இரண்டு கல் விரிசல்கூட அப்படியே. கூடத்தில் நின்றால் மே மாத மதியத்திலும் மின்விசிறி தேவைப்படவில்லை. விலையில் இரண்டாவது குறைவு. நண்பருக்கு அதைத்தான் சொன்னேன்.

எப்ப போய்ப் பார்த்தா நல்லது?

நவம்பரில், ஒரு நல்ல மழை பெய்த மறுநாள். சொல்லாமல் போக முடிந்தால் இன்னும் நல்லது. மாடி அறை மூலைகளில் கட்டை சுவரைத் தொடும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். குடையைக் கையிலேயே வைத்திருங்கள், முற்றத்து விளிம்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்.